கடைக்கு ஆப் வேண்டுமா, வலைச் செயலியே போதுமா?

துணிக்கடையோ பலகாரக் கடையோ, இப்போது பல கல்லாக்களின் பக்கத்தில் ஓர் அட்டை நிற்கிறது. 'எங்கள் ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள், 50 ரூபாய் தள்ளுபடி பெறுங்கள்.' வாடிக்கையாளரும் செய்கிறார். செயலி இறங்கும்வரை பின்னால் வரிசை காத்திருக்கிறது. போன் நம்பர் கொடுத்து, ஓடிபி வாங்கி, பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி, 50 ரூபாயைக் கழித்துக்கொண்டு வெளியே வருகிறார். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்கிறது போன். பேத்தி ஆடிய வீடியோவை அழிப்பாரா, பலகாரக் கடை ஆப்பை அழிப்பாரா?

கடைக்காரர் கணக்கில் அது ஒரு டவுன்லோடு. அவ்வளவுதான்.

அந்த அட்டைக்குப் பின்னால் லட்சங்களில் ஒரு கோட்டேஷன் இருக்கும். "அண்ணே, எதிர்க்கடைக்காரரே ஆப் போட்டுட்டாரு, நீங்க இன்னும் யோசிச்சிட்டே இருக்கீங்களே" என்று யாரோ ஏற்றிவிட்டிருப்பார்கள். வணிகர்கள் பக்கத்துக் கடையைப் பார்த்து எடுக்கும் முடிவுகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. சிறு, நடுத்தர வணிகர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தேவைப்படுவது ஸ்டோரில் கிடக்கும் செயலி அல்ல, நன்றாக ஓடும் ஒரு வலைச் செயலிதான் என்பது நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம். அது எங்கே காலை வாரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நாம் பிளே ஸ்டோரிலோ ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலோ இறக்கிக்கொள்வது நேட்டிவ் செயலி. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று அந்தந்தக் கருவிக்காகவே எழுதப்படுவது. போனின் கேமரா, ஜிபிஎஸ், ப்ளூடூத் எல்லாவற்றையும் நேரடியாகத் தொடும் உரிமை அதற்கு உண்டு.

வலைச் செயலி என்பது பிரவுசரில் ஓடுவது. அடிப்படையில் அது ஒரு வலைத்தளம்தான். ஆனால், "நம்ம கடைக்குத்தான் ஏற்கெனவே வெப்சைட் இருக்கே" என்று சொல்லிவிட முடியாது. முகவரி, போன் நம்பர், முதலாளியின் படம், 'எங்களைப் பற்றி' என்று நான்கு பக்கம் போட்டு வைத்திருப்பது வலைச் செயலி ஆகாது. பொருளைத் தேடவும், கூடையில் போடவும், பணம் கட்டவும், பழைய ஆர்டரைப் பார்க்கவும் முடிந்தால்தான் அது செயலி.

இதிலேயே ஒரு படி மேலே போனது 'புரோகிரசிவ் வெப் ஆப்'. 2015இல் பிரான்சஸ் பெரிமன் என்ற வடிவமைப்பாளரும் அப்போது கூகுளில் இருந்த அலெக்ஸ் ரஸ்ஸல் என்ற பொறியாளரும் வைத்த பெயர் இது. இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, தளம் பாதுகாப்பான 'எச்டிடிபிஎஸ்' இணைப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது, 'மேனிஃபெஸ்ட்' என்ற குட்டிக் கோப்பு. கடையின் பெயர், ஐகான், நிறம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதை வைத்துத்தான் போனின் முகப்புத் திரையில் மற்ற ஆப்களைப் போலவே ஒரு ஐகானாக உட்காருகிறது. மூன்றாவது, 'சர்வீஸ் வொர்க்கர்'. இதை ஒரு சூட்டிகையான கடைப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கேட்கிற சரக்கை ஒவ்வொரு முறையும் குடோனுக்கு ஓடி எடுத்து வராமல் முன்னாலேயே அடுக்கி வைத்திருப்பான் இல்லையா? அதேபோல, ஒருமுறை வந்த பக்கங்களையும் படங்களையும் போனிலேயே சேமித்துவைத்து, நெட் மந்தமாக இருந்தாலும், சில நேரம் இல்லாவிட்டாலும்கூட எடுத்துக் காட்டுகிறது.

சும்மா சொல்லக் கூடாது, இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது ஆப் ஸ்டோர் என்று ஒன்று கிடையாது. வெளியார் செயலி எழுத வேண்டுமென்றால் சஃபாரி பிரவுசரில் ஓடும் வலைச் செயலிகளை எழுதுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஆண்டு ஜூன் மாதம் சொன்னார். மென்பொருள் எழுதுவோருக்கு அது பிடிக்கவில்லை. அன்றைய வலைத் தொழில்நுட்பம் அவ்வளவு பலவீனம். 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. மீதிக் கதைதான் நமக்குத் தெரியுமே.

மிந்த்ரா அடித்த யூ-டர்ன்

'ஆப் மட்டும் போதும்' என்ற முடிவை இந்தியாவில் துணிந்து எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆன்லைன் துணிக்கடையான மிந்த்ரா 2015 மே மாதம் தன் வலைத்தளத்தை அடியோடு மூடியது. வாங்க வேண்டுமா, ஆப்புக்கு வாருங்கள். அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் அதே ஆண்டு போனில் பார்க்கும் வலைத்தளத்தை நிறுத்திவிட்டு, வந்தவர்களையெல்லாம் ஆப் இறக்கச் சொன்னது.

நடந்தது என்ன? 2015 நவம்பரிலேயே 'ஃபிளிப்கார்ட் லைட்' என்ற பெயரில் ஒரு புரோகிரசிவ் வெப் ஆப்போடு ஃபிளிப்கார்ட் வலைக்குத் திரும்பியது. 2016 ஜூன் மாதம் மிந்த்ராவும் கம்ப்யூட்டரில் பார்க்கும் தளத்தை மறுபடி திறந்தது. விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் கோடிகளைக் கொட்டக்கூடிய நிறுவனங்களாலேயே வாடிக்கையாளரை ஆப்புக்குள் கட்டிவைக்க முடியவில்லை.

ஃபிளிப்கார்ட் லைட் பற்றி கூகுள் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மக்கள் தளத்தில் செலவிட்ட நேரம் மூன்று மடங்கானது, டேட்டா செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டு அதன் வழியாக வந்தவர்களிடம் விற்பனை 70 சதவீதம் கூடுதலாக இருந்தது என்கிறது அது. இதை ஒரு சிட்டிகை உப்போடுதான் சாப்பிட வேண்டும். கூகுளின் தேடலும் விளம்பரமும் வலையை நம்பியே இருக்கின்றன. தவிர, ஐகானை முகப்பில் எடுத்து வைத்துக்கொள்கிறவர் ஏற்கெனவே கடையோடு ஒட்டிக்கொண்டவர், அவர் கூடுதலாக வாங்குவதில் என்ன அதிசயம்? ஆனால் எடைக் கணக்கில் சர்ச்சைக்கு இடமில்லை. 2017இல் ட்விட்டர் தன் 'லைட்' வலைச் செயலியை வெளியிட்டபோது அது சுமார் 600 கேபி. அதே நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு செயலி 23.5 எம்பி. கிட்டத்தட்ட 40 மடங்கு வித்தியாசம்.

இந்த எடை நம் ஊருக்குப் பொருந்தும். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'குட் மார்னிங்' படங்களாலேயே பாதி நிரம்பிப்போன 32 ஜிபி, 64 ஜிபி போன்களோடுதான் நம்மில் பலர் இருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் போகிற கடைக்கு அந்தப் போனில் நிரந்தர இடம் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு லிங்க் செய்யும் வேலை

வலைச் செயலியின் பெரிய பலம் எது என்று கேட்டால் வேகத்தையோ செலவையோ சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு முகவரி இருக்கிறது, அதுதான்.

உங்கள் கடையின் அதிரசப் பக்கத்தை ஒரு வாடிக்கையாளர் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அக்கா தொடுகிறார், அதிரசம் வந்து நிற்கிறது. விலை தெரிகிறது, ஆர்டர் போடுகிறார், யூபிஐயில் பணம் கட்டுகிறார். நடுவே ஸ்டோர் இல்லை, இன்ஸ்டால் இல்லை, 'அனுமதி கொடுங்கள்' என்று காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்கும் ஜன்னல் இல்லை. நேட்டிவ் செயலி மட்டும்தான் உண்டு என்றால், அக்கா முதலில் பிளே ஸ்டோருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போனைக் கீழே வைத்துவிடுவார். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

கூகுளில் 'அதிரசம் ஆர்டர்' என்று தேடுகிறவருக்கும் இந்தப் பக்கம் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. பில்லின் அடியில் அச்சிட்ட க்யூஆர் கோடு, ஆட்டோவின் பின்னால் ஒட்டிய விளம்பரம், கல்யாண மண்டபத்துத் தாம்பூலப் பை, எதில் போட்டாலும் அதே முகவரி. ஆண்ட்ராய்டா ஐபோனா, அலுவலகத்துக் கம்ப்யூட்டரா என்ற கேள்வியே எழாது.

திருத்தும் வேலையும் எளிது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பாக்கெட்டில் அடைத்து விற்கும் மிக்சர் வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. வலைச் செயலி வைத்திருந்தவர் முந்தைய இரவு சர்வரில் மாற்றினால் காலையில் எல்லோருக்கும் புதுக் கணக்கு. நேட்டிவ் செயலியிலும் விலைப் பட்டியல் சர்வரிலிருந்து வந்தால் இதே வசதி உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் வரியைக் கணக்கிடும் சூத்திரம் செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் தொல்லைதான். புதுப் பதிப்பு தயாரிக்க வேண்டும், ஸ்டோரின் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டும், அதன்பிறகும் 'அப்டேட்' செய்யாத வாடிக்கையாளரின் போனில் பழைய வரியே ஓடிக்கொண்டிருக்கும்.

செலவையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூகுள் பிளேயில் கணக்கு தொடங்க ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இது பெரிய தொகை இல்லை. பராமரிப்புதான் தொகை. ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியை ஆண்டுதோறும் மேம்படுத்தச் சொல்கிறது கூகுள். ஒரே நிரலில் இரண்டு வகை போனுக்கும் செயலி செய்யும் ஃபிளட்டர் போன்ற வசதிகள் வந்து சுமையைக் குறைத்திருக்கின்றன. என்றாலும், ஸ்டோர் ஸ்டோராகப் பதிவேற்றும் வேலை போகவில்லை. தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்கினால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்துப் பார்த்த பிறகுதான் பிளே ஸ்டோரில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும்.

இந்தச் சிரமத்துக்காகச் சிலர் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள். ஸ்டோரே வேண்டாம் என்று, ஏபிகே கோப்பை நேராக வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதை இன்ஸ்டால் பண்ணிக்குங்க" என்பார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். தெரியாத ஏபிகேவைத் தொடாதீர்கள் என்று போலீஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நல்ல கடைக்காரர் ஒருவரே வாடிக்கையாளருக்கு அந்தக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது நியாயமில்லை.

மார்ச் 1, 2024: இரண்டு சம்பவங்கள்

இனி, கடையின் சாவி யார் கையில் இருக்கிறது என்ற விஷயம்.

சென்னையிலிருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தின் செயலிகளை 2024 மார்ச் 1 அன்று கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அது மட்டுமல்ல, நௌக்ரி, ஷாதி, 99ஏக்கர்ஸ் என்று நாடறிந்த பல செயலிகளும் அன்று காணாமல் போயின. பிரச்சினை கமிஷன். செயலிக்குள் விற்கப்படும் டிஜிட்டல் சேவைகளுக்கு 11 முதல் 26 சதவீதம் வரை கூகுள் கட்டணம் கேட்டது. நிறுவனங்கள் மறுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்குகள் தள்ளுபடியாகின. உச்ச நீதிமன்றத்திலும் இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த நீக்கம். மத்திய அரசு தலையிட்டுப் பேச்சு நடத்திய பின், சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன.

ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்குச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வரன் தேட வந்தவருக்குப் பிளே ஸ்டோரில் கதவு மூடியிருந்தது. ஆனால் இந்த நிறுவனங்களின் வலைத்தளங்கள் அன்றும் திறந்தே இருந்தன. அவற்றை மூட கூகுளின் ஸ்டோருக்கு அதிகாரம் கிடையாது.

இதில் ஒரு தெளிவு தேவை. பலகாரம், புடவை, மளிகை போன்ற கையில் தொடும் பொருளுக்கும், டாக்சி, பிளம்பர் போன்ற நேரடிச் சேவைக்கும் ஸ்டோர்கள் இந்தக் கமிஷனைக் கேட்பதில்லை. '30 சதவீதம் ஆப்பிளுக்கே போயிடும்' என்று மளிகைக் கடைக்காரரைப் பயமுறுத்துகிறவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். மாட்டிக்கொள்வது யாரென்றால், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் வீடியோ, பாட்டு வகுப்புப் பதிவு, மின்னிதழ்ச் சந்தா என்று டிஜிட்டலாக விற்பவர்கள். இவர்கள் 1,000 ரூபாய்க் கட்டணத்தைத் தங்கள் வலைத்தளத்தில் வாங்கினால் பேமென்ட் கேட்வேக்கு 20 ரூபாய் அளவில் போகும். அதையே செயலிக்குள் வாங்கி 15 சதவீதம் கட்டினால் 150 ரூபாய். லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் 2011இலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. சந்தாவில் பங்கும் போய், சந்தாதாரர் யார் என்ற விவரமும் ஆப்பிள் கையில் இருக்கும் என்ற நிலை வந்ததும், ஆப் ஸ்டோரிலிருந்து விலகி வலைச் செயலிக்குப் போனது.

சரி, வலைக்கு வந்துவிட்டால் யார் தயவும் வேண்டாமா? அப்படியும் இல்லை. அதே 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டத்தைக் காரணம் காட்டி, அங்குள்ள ஐபோன்களில் வலைச் செயலிகளை முகப்புத் திரையில் வைக்கும் வசதியையே எடுத்துவிடப் போவதாக ஆப்பிள் பிப்ரவரியில் அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஐரோப்பிய ஆணையமும் விசாரிக்கத் தொடங்கியது. முடிவை மாற்றிக்கொண்டதாக ஆப்பிள் சொன்ன நாள் எது தெரியுமா? அதே மார்ச் 1.

ஆக, முழு விடுதலை எங்குமில்லை. வித்தியாசம் என்னவென்றால், ஸ்டோரில் உங்களை நீக்கினால் அங்கே கடையே இல்லை. வலையில் ஒரு வசதியைப் பறித்தாலும் முகவரியைத் தட்டி உள்ளே வர முடியும்.

எங்கே போதாது?

வலையை மட்டுமே நம்பி இறங்கியவர்களும் சூடுபட்டிருக்கிறார்கள். எச்டிஎம்எல்5 மீது அளவுக்கு மீறிப் பந்தயம் கட்டியது பெரிய தவறு என்று 2012இல் ஃபேஸ்புக்கின் மார்க் ஜக்கர்பெர்க்கே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு பிரவுசர்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. என்றாலும் சில இடங்களில் நேட்டிவ்தான் கெட்டிக்காரன்.

முக்கியமாக, ஐபோன். வலைச் செயலிக்கு நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதியே அதில் 2023 மார்ச் மாதம் ஐஓஎஸ் 16.4 வந்தபோதுதான் கிடைத்தது. அதுவும் வாடிக்கையாளர் செயலியை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டும். சேர்ப்பதற்கு 'ஷேர்' பட்டனைத் தொட்டு, பட்டியலில் கீழே போய், 'ஆட் டு ஹோம் ஸ்க்ரீன்' என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்? ஆண்ட்ராய்டு குரோமில் 'இன்ஸ்டால்' என்று அதுவே கேட்கும். இந்தியாவில் பத்துக்கு ஒன்பது போன்களுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்பதால் நம் ஊர்க் கடைக்கு இது பெரிய தடையில்லை. ஐபோன் வாடிக்கையாளர்களே அதிகம் வரும் நகைக்கடைக்கோ ஜிம்முக்கோ இது யோசிக்க வேண்டிய விஷயம். சஃபாரியில் இன்னொன்றும் உண்டு. ஏழு நாள் உபயோகத்தில் அந்தத் தளத்தின் பக்கம் வராவிட்டால் அது போனில் சேமித்துவைத்ததை அழித்துவிடும். முகப்பில் சேர்த்த செயலிக்கு இதில் விலக்கு.

ப்ளூடூத் பிரிண்டரோடு பேச வேண்டும், போனைப் பாக்கெட்டில் போட்ட பிறகும் ஜிபிஎஸ் ஓட வேண்டும், கனமான கிராபிக்ஸ் விளையாட்டு வேண்டும் என்றால் வலைச் செயலியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் இங்கேயும் ஒரு நிதானம் நல்லது. டெலிவரி செய்யும் பத்துப் பையன்களின் போனில் இருப்பிடம் தெரிய வேண்டும் என்பதற்காக, பலகாரம் வாங்கும் பத்தாயிரம் பேருக்கும் ஏன் ஆப்? பையன்களுக்கு ஒரு சின்ன நேட்டிவ் செயலி, வாடிக்கையாளருக்கு வலை. இப்படிப் பிரித்துக் கேட்டால் கோட்டேஷனில் பாதி வரிகள் தானாகவே உதிர்ந்துவிடும்.

தினமும் திறக்கப்படும் தொழில் என்றால் கதை வேறு. நகரத்துக்குள் பால், காய்கறி தினசரி சந்தாவாகக் கொடுக்கிறீர்கள், வாடிக்கையாளர் வாரத்தில் ஐந்து நாள் உள்ளே வருகிறார் என்றால் அவர் போனில் உங்களுக்கு இடம் உண்டு. அப்போது நேட்டிவ் செயலிக்குச் செலவழிக்கலாம். அந்த முடிவை எடுக்க வலைச் செயலியே உதவும். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். யார் திரும்பி வருகிறார்கள், எத்தனை பேர் முகப்பில் சேர்த்தார்கள் என்பது சர்வரில் தெரிந்துவிடும். 'பிளே ஸ்டோரில் பெயர் இருந்தால் கெத்து' என்று நினைத்தால், அதே வலைச் செயலிக்கு மேலுறை போட்டுப் பிளே ஸ்டோரில் வைக்கவும் கூகுளில் வழி உண்டு. ஆப்பிள் மட்டும், வெறும் வலைத்தளத்தைச் சுற்றிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடும்.

வேலையை யாரிடம் கொடுத்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "டொமைன் யார் பேர்ல பதிவாகப் போகுது?" கடையின் வலை முகவரியைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அவர் சொல்கிற தொகையைக் கட்டினால்தான் தளம் ஓடும் என்று சொல்லும் டெவலப்பர்கள் இருக்கிறார்கள். முகவரிதான் வலைச் செயலியின் பலம் என்றோமே, அது அவர் பேரில் இருந்தால் கடையும் அவருடையது மாதிரிதான். டொமைன், சர்வர் கணக்கு, பேமென்ட் கேட்வே, பின்னால் வாங்கினால் பிளே ஸ்டோர் கணக்கு, நான்கும் உங்கள் இமெயிலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அவருக்கு உள்ளே வர அனுமதி கொடுத்தால் போதும். இதற்கு அவர் தயங்கினால், கோட்டேஷனை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.